வயோலா: மடி இழுத்த கப்பல் கண்ணி வாரப் போன கதை

கேள்வி இதுதான்: மீன் பிடித்துக்கொண்டிருந்த நீராவிக் கப்பல்களை முதல் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றுகிற கப்பல்களாக எப்படி மாற்றினார்கள், அப்படி மாறிய ஏதாவது ஒரு கப்பலின் முழுக் கதை தெரியுமா? தெரியும். ஆனால் "மாற்றினார்கள்" என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் தகராறு. மாற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கப்பலைப் பார்த்துவிடுவோம்.

கப்பலின் பெயர் வயோலா. 1906 ஜனவரியில் இங்கிலாந்தின் பெவர்லி என்ற ஊரில், குக், வெல்டன் அண்ட் ஜெம்மல் என்ற பட்டறையில் கட்டி இறக்கினார்கள். பெவர்லி கடற்கரை ஊரே இல்லை, உள்நாட்டு ஊர். பக்கத்தில் ஓடுகிற ஹல் ஆறு நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் அளவுதான் அகலம். கப்பலைப் பின்புறமாகச் சறுக்கி இறக்கினால் எதிர்க்கரையில் போய் முட்டி நிற்கும். அதனால் பக்கவாட்டில் அப்படியே சாய்த்துத் தள்ளுவார்கள். ஆற்றுத் தண்ணீர் எழும்பி எதிர்க்கரை வரைக்கும் அடிக்கும், கப்பல் ஆடி ஆடி நிமிரும். அதன் பிறகு வெறும் உடம்பாக அதை ஹல் துறைமுகத்துக்கு இழுத்துப் போய் அங்கே என்ஜினும் கொதிகலனும் பொருத்துவார்கள். வயோலாவின் நீளம் சுமார் 108 அடி. மும்மடி விரிவு நீராவி என்ஜின், அதாவது ஒரே நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்து விரியவிட்டு, கடைசிச் சொட்டு வரை வேலை வாங்குகிற என்ஜின். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதே என்ஜினிடம் திரும்ப வருவோம்.

கப்பலுக்குச் சொந்தக்காரர்கள் ஹல் நகரத்தின் ஹெலியர் நிறுவனம். அவர்கள் கப்பல்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயரை வைப்பது வழக்கம். வயோலா என்பது பன்னிரண்டாம் இரவு நாடகத்தில் கப்பல் உடைந்து, முன்பின் தெரியாத கரையில் ஒதுங்குகிற பெண். பெயர் வைத்தவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கப்பலும் கடைசியில் அப்படித்தான் ஒதுங்கியது.

சரி, என்ன வேலை பார்த்தது? டாகர் திட்டு என்று வட கடலில் ஆழம் குறைந்த ஒரு பெரிய மேட்டுப்பகுதி இருக்கிறது, மீன் கொழிக்கிற இடம். அங்கே ஹெலியர் நிறுவனத்தின் ஐம்பது கப்பல் வரை ஒரே கூட்டமாக நின்று மடி, அதாவது பை போன்ற வலை, இழுக்கும். ஒவ்வொரு கப்பலும் வாரக்கணக்கில் கரைக்கு வராது. பிடித்த மீனை அறுத்துச் சுத்தம் செய்து மரப்பெட்டியில் அடுக்கி, பெட்டிகளைச் சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, நடுக்கடலில் இரண்டு மூன்று பேர் வலித்துக்கொண்டு போய், காத்திருக்கும் வேகக் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த வேகக் கப்பல் லண்டனுக்குப் பறக்கும், பில்லிங்ஸ்கேட் சந்தையில் மீன் விற்றுப்போகும். லண்டன்காரர்களின் தட்டில் மீன் விழுந்ததற்குப் பின்னால் இருந்தது அந்தத் துடுப்புப் படகுதான். அலையில் அது கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மீன்பிடித்தொழிலில் ஆபத்து உண்டு என்பது தெரிந்ததுதான். ஆனால் பெட்டி ஏற்றுவதற்காக உயிர் போவது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. கப்பல் தலைவர்களில் மூத்த, கெட்டிக்கார ஆள் ஒருவர். அவரை "அட்மிரல்" என்றே கூப்பிடுவார்கள். பகலில் கொடி, இரவில் வாணம் விட்டு எப்போது மடி இறக்குவது, எந்தப் பக்கம் இழுப்பது, எப்போது தூக்குவது என்று உத்தரவு போடுவார், ஐம்பது கப்பலும் அதற்கு ஆடும். அதாவது கடற்படை வந்து சேர்வதற்கு முன்பே இவர்களிடம் அட்மிரலும் இருந்தார், அணிவகுப்பும் இருந்தது, சமிக்ஞையும் இருந்தது.

இந்த வாணத்தால் ஒரு தடவை பெரிய வினையும் வந்தது. 1904 அக்டோபர் 21 இரவு, ஜப்பானோடு சண்டை போடுவதற்காக உலகத்தையே சுற்றிப் புறப்பட்டிருந்த ரஷ்யாவின் பால்டிக் கடற்படை டாகர் திட்டு வழியாக வந்தது. அங்கே மடி இழுத்துக்கொண்டிருந்த ஹல் மீன்பிடிக் கப்பல்களை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். வட கடலில் ஜப்பான் படகு! கிரேன் என்ற கப்பல் மூழ்கியது, இரண்டு மீனவர்கள் அங்கேயே செத்தார்கள். பிரிட்டனும் ரஷ்யாவும் போருக்குப் போகிற விளிம்பு வரை போய்விட்டு, சர்வதேச விசாரணையில் முடித்துக்கொண்டார்கள். அது வயோலா பிறப்பதற்கு முன்னால், வேறு கம்பெனியின் கூட்டம். ஆனாலும் ஹல் மீனவர்களுக்கு, போர் வந்தால் நமக்கும் அதில் பங்கு உண்டு என்பது அன்றே தெரிந்திருக்கும்.

அதே ரஷ்ய-ஜப்பானியப் போர்தான் கடற்கண்ணியின் அருமையை உலகத்துக்குக் காட்டியது. 1904 ஏப்ரலில் ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் என்ற போர்க்கப்பல் கண்ணியில் மாட்டி, அட்மிரல் மகரோவோடு சேர்ந்து கீழே போனது. மே மாதத்தில் ஒரே நாளில் ஜப்பானின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கண்ணியில் சிக்கி அழிந்தன. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய கப்பலை, கயிறு கட்டி மிதக்கவிட்ட ஒரு இரும்பு உருண்டை முடித்துவிடும் என்றால் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தூக்கம் வருமா?

அந்த உருண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். உள்ளே வெடிமருந்து, பாதிக்கு மேல் காற்று, அதனால் மிதக்கும். கீழே கடல் தரையில் ஒரு கனமான நங்கூரப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே இரும்புக் கயிறு. கயிற்றின் நீளத்தைச் சரிபார்த்து, உருண்டை தண்ணீர் மட்டத்துக்குச் சில அடி கீழே நிற்கும்படி செய்வார்கள், மேலே இருந்து கண்ணுக்குத் தெரியாது. உருண்டையின் மேல் மாட்டுக்கொம்பு போல ஈயக் குழாய்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் அமிலம் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குப்பி. கப்பல் உரசினால் ஈயம் வளையும், குப்பி உடையும், அமிலம் கீழே இருக்கிற மின்கலத்தில் இறங்கி மின்சாரம் பாயும், அவ்வளவுதான். ஆள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எத்தனை மாதம் ஆனாலும் காத்துக்கொண்டு கிடக்கும்.

இதை எப்படி அகற்றுவது? 1907-இல் லார்ட் சார்லஸ் பெரஸ்ஃபோர்ட் என்ற அட்மிரல் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். போர்க்கப்பல்களை இந்த வேலைக்கு அனுப்பி வீணாக்காதீர்கள், மீன்பிடி இழுவைக் கப்பல்களைப் பயன்படுத்துங்கள், இரும்புக் கயிற்றைக் கடலுக்கடியில் இழுப்பது அவர்களுக்குத் தினசரி வேலை என்று. அடுத்த வருடமே ஆண்டீஸ், அல்கோமா என்ற இரண்டு கிரிம்ஸ்பி கப்பல்களை வாடகைக்கு எடுத்துச் சோதித்தார்கள். மீனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை என்று அப்போதே தெரிந்துபோனது.

மேலே சொன்ன தகராறுக்கு இப்போது வருகிறேன். இழுவை மடி எப்படி வேலை செய்கிறது என்று நம் கடற்கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மடியின் வாய் திறந்திருக்க இரண்டு பக்கமும் கனமான பலகை கட்டுவார்கள். படகு இழுக்க இழுக்கத் தண்ணீர் அந்தப் பலகையை வெளிப்பக்கமாகத் தள்ளும், மடி விரியும். பலகையையும் மடியையும் இழுக்க இரண்டு இரும்புக் கயிறு, சுற்றி எடுக்க ஒரு வின்ச். கண்ணி வாருவதற்குத் தேவையானது என்ன? இரும்புக் கயிறு, அதைக் குறிப்பிட்ட ஆழத்தில் பிடித்து வைக்க ஒரு பலகை, இழுக்கச் சக்தியுள்ள என்ஜின், சுற்றி எடுக்க வின்ச். எல்லாமே ஏற்கெனவே கப்பலில் இருந்தது! மடியை மட்டும் கழற்றி வைத்தால் போதும். விசைப்படகு ஓட்டுகிற அண்ணன் ஒருவரிடம் அந்தக் காலத்துக் கண்ணிவாரியின் வரைபடத்தைக் காட்டியபோது, "இது நம்ம பலகைதானே, கொஞ்சம் பெருசு" என்றார். நான் பல பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

செய்முறை இப்படி. இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில், சுமார் 500 கஜ இடைவெளியில் ஒரே வேகத்தில் போகும். இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கடியில் ஒரு இரும்புக் கயிறு. கயிறு மேலே எழும்பிவிடாமல் இருக்க, ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள, மரமும் இரும்புமான ஒரு பலகை. அதைக் "காற்றாடி" என்றே சொன்னார்கள், நம் பட்டம் காற்றில் மேலே ஏறுகிற மாதிரி இது தண்ணீரில் கீழே இறங்கும். கயிறு போகிற வழியில் கண்ணியின் நங்கூரக் கயிறு மாட்டினால் ஒன்று அறுபடும், இல்லாவிட்டால் நங்கூரத்தோடு இழுபடும். அறுபட்டால் உருண்டை குபுக்கென்று மேலே வரும். உடனே துப்பாக்கியால் சுடுவார்கள். உருண்டையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும், கொம்பில் பட்டால் வெடிக்கும். ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டு, ஆடுகிற உருண்டையைச் சுட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒரு சங்கடம். கயிறு கப்பலுக்குப் பின்னால் வருகிறது, கப்பல் அதற்கு முன்னால் போகிறது. சுத்தம் செய்யாத கடலில் முதலில் கால் வைப்பது கப்பல்தான். பெரிய இழுவைக் கப்பல்களுக்குத் தண்ணீருக்குக் கீழே பதினான்கு பதினைந்து அடி உடம்பு இருக்கும். கண்ணி அதைவிட மேலே நின்றால் முட்டிவிடும். அதனால் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி நிற்கும் நேரத்தில்தான் வேலை செய்வார்கள். கண்ணி தரையில் கட்டப்பட்டது, ஓதத்தோடு அது ஏறாது. கப்பல் ஏறும். வட கடல் கரையில் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் பதினைந்து அடியை ஒட்டி ஏறி இறங்கும், அந்த இடைவெளியில்தான் உயிர் தங்கியிருந்தது. ஓதம் வடிய ஆரம்பித்துவிட்டால், காலையில் கப்பலின் அடிக்கும் கீழே கிடந்த கண்ணி இப்போது அதன் வயிற்றுக்கு நேராக நிற்கும். ஓதக் கணக்கைக் கல்லூரியில் படிக்காமல் உடம்பில் வைத்திருந்த ஆட்கள்தான் இதற்குச் சரிப்பட்டார்கள்.

1910-இல் கடற்படையின் துணைப்படையில் இழுவைக் கப்பல்காரர்களுக்கென்றே ஒரு தனிப்பிரிவு ஆரம்பித்தார்கள். 1914 ஆகஸ்ட் 4 போர் அறிவிப்பு. மறுநாளே ஜெர்மனியின் கோனிகின் லூயிசே என்ற உல்லாசப் பயணக் கப்பல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கண்ணி விதைத்தது. அதைத் துரத்தி மூழ்கடித்த ஆம்ஃபியான் என்ற பிரிட்டிஷ் குரூசர், அதற்கடுத்த நாள் அதே கண்ணியில் மாட்டி மூழ்கியது. காப்பாற்றிக் கப்பலில் ஏற்றியிருந்த ஜெர்மன் மாலுமிகளில் பலரும் தங்கள் நாட்டுக் கண்ணிக்கே பலியானார்கள். அக்டோபரில் அயர்லாந்தின் வடக்கே ஆடேஷியஸ் என்ற புத்தம்புதிய பெரும் போர்க்கப்பல் கண்ணியில் போனது. அந்தச் செய்தியை வெளியே விடாமல் பிரிட்டன் போர் முடிகிற வரைக்கும் மூடி மூடி வைத்தது, தனிக் கூத்து. அப்புறம் டிசம்பர் 16, ஜெர்மன் கப்பல்கள் ஸ்கார்பரோ நகரத்தைச் சுட்டுவிட்டுப் போனபோது, கோல்பர்க் என்ற குரூசர் அந்தக் கரையில் நூறு கண்ணியைப் போட்டுவிட்டுப் போனது. மூன்று நாள் கழித்து வாரப் போன கிரிம்ஸ்பி கப்பல்கள் நேராக அந்தக் காட்டுக்குள் நுழைந்துவிட்டன. ஐந்து நிமிடத்துக்குள் பதினெட்டுக் கண்ணிகள், சில அறுபட்டு மேலே வந்தன, சில வெடித்தன. ஒரியாண்டா என்ற கப்பல் மூழ்கியது, பாஸிங் என்பது கிழிந்துபோய் எப்படியோ கரை சேர்ந்தது. ஓதமும் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடினால் இன்னொரு கண்ணியில் முட்டலாம், நின்ற இடத்திலேயே நங்கூரம் போட்டுத் தண்ணீர் ஏறக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

நம் பக்கம் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. எம்டன் என்றால் நம்மில் எல்லோருக்கும் தெரியும், சென்னையில் குண்டு போட்டது. ஆனால் வுல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கண்ணி விதைத்துவிட்டு, பம்பாய்ப் பக்கமும் விதைத்தது அவ்வளவாகத் தெரியாது. கொழும்புக் கண்ணியில் வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் அந்த மாதமே மூழ்கின. எம்டன் சத்தம் போட்டது, பேர் எடுத்தது. வுல்ஃப் சத்தம் போடவில்லை.

திரும்ப வயோலாவுக்கு. 1914 செப்டம்பரில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. முன்புறம் ஒரு பீரங்கி, சாம்பல் நிறப் பூச்சு, ஹல்லை விட்டுப் புறப்பட்டது. அதன் பிறகு இன்று வரைக்கும் அது ஹல்லுக்குத் திரும்பவில்லை.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வயோலாவைப் பல இடங்களில் "கண்ணிவாரி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் இழுவைக் கப்பல் எது எடுக்கப்பட்டாலும் கண்ணி வாருவது, ரோந்து, நீர்மூழ்கி வேட்டை என்று எந்த வேலையும் தலையில் விழும். வயோலாவின் போர்க்காலம் பெரும்பகுதி ஆயுதந்தாங்கிய ரோந்தில்தான் போனது. முதலில் ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்து தீவுகளைச் சுற்றி. அங்கே குளிர்காலத்தில் பகல் என்பது ஐந்தாறு மணி நேரம்தான், மற்றதெல்லாம் இருட்டும் புயலும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குப் போகிற வழி அது. பல்லாயிரம் மைல் ரோந்து போய்க் கண்ணுக்கு ஒன்றும் படாமல் திரும்புகிற வேலை. போர் என்றால் தினமும் சண்டை என்று நினைப்போம். இவர்களுக்குப் பெரும்பாலும் கரி அள்ளுவதும், அலை பார்ப்பதும், தூக்கமில்லாமல் நிற்பதும்தான்.

போரின் பிற்பகுதியில் வயோலா வடகிழக்கு இங்கிலாந்துக் கரைக்கு வந்தது. அதற்குள் ஆழ்வெடி என்ற புதுச் சாமான் வந்துவிட்டது. பீப்பாய் மாதிரி இருக்கும், குறித்த ஆழம் வந்ததும் தண்ணீர் அழுத்தத்தில் தானாக வெடிக்கும். 1918 ஆகஸ்ட் 13, விட்பி ஊருக்கு வெளியே ஜான் கில்மன் என்ற இழுவைக் கப்பல் ஒரு பெரிஸ்கோப்பைக் கண்டு அதன்மேல் ஏற்றிவிட்டு ஆழ்வெடி போட்டது. நீர்மூழ்கி மேலே வர முயன்றபோது ஜான் புரூக்கர், வயோலா, ஃப்ளோரியோ ஆகிய கப்பல்களும் சேர்ந்துகொண்டு மேலும் மேலும் ஆழ்வெடி இறக்கின. அது யுபி-30. உள்ளே இருந்த 26 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. செப்டம்பர் 29, நார்தம்பர்லாந்து கரையில் ஆர்-29 என்ற ஆகாயக் கப்பல் மேலேயிருந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்துச் சொல்ல, ஊஸ், ஸ்டார் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் கூட வந்த இழுவைக் கப்பல்களும் சேர்ந்து யுபி-115ஐ முடித்தன. அதிலும் வயோலா இருந்தது. அங்கே 39 பேர். மீன் பிடிக்க வந்த ஆட்கள், நான்கு வருடத்தில் இந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். இதைப் பெருமையாகச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். எண்ணெய் மேலே வந்தால் கீழே என்ன நடந்தது என்று கடலில் பிழைக்கிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் போரில் பிரிட்டன் தரப்பில் கண்ணி வாருகிற வேலையில் மட்டும் 214 கப்பல்கள் போயின. கப்பல் என்றால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட இந்த மாதிரிச் சின்ன உருப்படிகள். ஒரே தெருவில் இருந்து அண்ணன், தம்பி, மச்சான் என்று ஒரே கப்பலில் ஏறுகிற வழக்கம் மீன்பிடி ஊர்களில் எங்கேயும் உண்டு. ஒரு கப்பல் வெடித்தால் ஒரு தெருவே இழவு வீடாகும்.

போர் முடிந்தது. ஹெலியரின் பெட்டி மீன்பிடித்தொழிலுக்கு வயோலா திரும்பவில்லை, நார்வேக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். புதுப் பெயர் கப்டூயன், நார்வே மொழியில் தென்கடலில் திரிகிற ஒரு புள்ளிச் சிறகுப் பறவையின் பெயர். முன்மூக்கில் ஈட்டித் துப்பாக்கி பொருத்தி, திமிங்கல வேட்டைக் கப்பலாக்கி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். பிறகு மறுபடியும் பெயர் மாற்றி, டயஸ். 1927-இல் கொம்பானியா அர்ஜென்டினா டி பெஸ்கா என்ற அர்ஜென்டினா கம்பெனி வாங்கி, உலகத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிற தெற்கு ஜார்ஜியா தீவுக்குக் கொண்டுபோனது. அங்கே கிரிட்விகன் என்ற திமிங்கல நிலையம், 1904-இல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் நிறுவியது. துருவப் பயணி ஷேக்கில்டனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

டயஸுக்கு அங்கே கிடைத்த வேலை யானைச் சீல் வேட்டை. ஆண் சீல் ஒன்று இரண்டு மூன்று டன் இருக்கும், உடம்பு முழுக்கக் கொழுப்பு, காய்ச்சினால் எண்ணெய். கப்பல் வெளியே நிற்க, ஆட்கள் சின்னப் படகில் கரைக்குப் போவார்கள். சீல்களைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் விரட்டி வந்து அங்கேதான் சுடுவார்கள், தூக்கிச் சுமக்க முடியாதே. தோலோடு கொழுப்பை உரித்து, கயிற்றில் கோத்து, அலையில் இழுத்துக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். எழுத எனக்கே குமட்டுகிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சீல் வேட்டைக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆண் சீல் மட்டும்தான், வருடத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கு, கரையை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதிக்கு ஓய்வு. பக்கத்திலேயே திமிங்கலத்தை ஏறக்குறைய வேரோடு அழித்தவர்களும் இதே ஆட்கள்தான். விதி ஒழுங்காக வேலை செய்த இடத்தில் சீல் பிழைத்தது, அப்படி வேலை செய்யாத இடத்தில் திமிங்கலம் அழிந்தது.

இடையிடையே டயஸ் நல்ல காரியங்களுக்கும் போனது. 1928-29-இல் அந்தத் தீவை ஆராய வந்த கோல்-லார்சன் குழுவினரைக் கரை கரையாக ஏற்றி இறக்கியது. தெற்கு ஓர்க்னி தீவில் இருக்கிற அர்ஜென்டினா வானிலை நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அது தூரத்தில் சீல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் வகையறாக் கப்பல்கள் மறுபடியும் வட கடலில் கண்ணி வாரப் போயிருந்தன. இந்தத் தடவை காந்தக் கண்ணி வந்துவிட்டது. உரச வேண்டியதில்லை, மேலே இரும்பு போனாலே வெடிக்கும். 1939 நவம்பரில் தேம்ஸ் முகத்துவாரத்துச் சேற்றில் விழுந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்புக் கப்பல்களைச் சுற்றி மின்கம்பி ஓடவிட்டுக் காந்தத்தை அடக்க வேண்டியதாயிற்று, மரத்தால் கட்டிய கண்ணிவாரிகளும் வந்தன. கயிறும் பலகையும் மட்டும் போதும் என்ற காலம் அதோடு முடிந்தது.

1960களின் நடுவில் கிரிட்விகன் மூடப்பட்டது. டயஸைத் துறையில் கட்டிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். 1974-இல் பனியும் தண்ணீரும் சேர்ந்து, கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கியது.

இதற்கு மேல் ஒரு நாடகம் நடந்தது. 1982 மார்ச்சில் அதே தீவின் வேறொரு கைவிடப்பட்ட நிலையமான லீத்தில், பழைய இரும்பு வாங்க வந்த அர்ஜென்டினா ஆட்கள் தங்கள் நாட்டுக் கொடியை ஏற்றினார்கள். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போருக்குப் பிள்ளையார் சுழி அதுதான். ஏப்ரல் 3-ஆம் தேதி கிரிட்விகன் பக்கத்திலேயே சண்டை. ஏப்ரல் 25 அன்று அர்ஜென்டினாவின் சான்டா ஃபே என்ற நீர்மூழ்கியைப் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்கள் தாக்கின. முதல் அடி எதனால் தெரியுமா? ஆழ்வெடியால். அடிபட்ட நீர்மூழ்கி கிங் எட்வர்ட் முனைத் துறையில் வந்து சாய்ந்து நின்றது. அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில், 1918-இல் நீர்மூழ்கிகள்மேல் ஆழ்வெடி போட்ட கப்பல் பாதி தண்ணீரில் கிடந்தது. யாரும் திட்டமிட்டு எழுதினால்கூட நம்ப மாட்டோம்.

2004-இல் கிரிட்விகனைச் சுத்தம் செய்தபோது டயஸை மிதக்கவைத்து, உள்ளே இருந்த எண்ணெயை வெளியே எடுத்து, கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். துருப்பிடித்த உடம்பு, ஆனால் உள்ளே அந்த மும்மடி என்ஜின் அப்படியே இருக்கிறது. என்ஜினோடு தப்பியிருக்கிற நீராவி இழுவைக் கப்பல்களில் உலகத்திலேயே மூத்தது இதுதான் என்கிறார்கள். ஹெலியரின் அந்த ஐம்பது கப்பலுக்கும் ஒரே அச்சு. ஹல்லிலேயே இருந்து உழைத்தவற்றை எல்லாம் வயதானதும் உடைத்து இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். இது மட்டும் பிழைத்ததற்குக் காரணம் எவருடைய அக்கறையும் இல்லை, இரும்பை அங்கேயிருந்து ஏற்றி வருகிற செலவு இரும்பின் விலையைவிட அதிகம், அவ்வளவுதான்.

கப்பலின் மணி எப்படியோ நார்வேயில் தங்கிப்போயிருந்தது. அதைத் தேடிப் பிடித்து ஹல்லுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கப்பலையே கொண்டுவர வேண்டும் என்று அங்கே ஓர் அறக்கட்டளை பாடுபடுகிறது. நான் அதற்கு ஆதரவு. தெற்கு ஜார்ஜியாவில் அது அழகாகத்தான் கிடக்கிறது, படம் எடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் உப்புக்காற்றில் தகடு தகடாக உதிர்ந்துகொண்டே இருக்கிற ஒன்றை, "அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஹல்லில் மணி மட்டும் இருக்கிறது, அதைக் கட்டித் தொங்கவிடக் கப்பல் இன்னும் வரவில்லை.